படகின் வாய்க்கு ஒரு வேடு

போர்த் டாவர்க் ஒரு சின்னக் குடா. வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஆங்கிள்சித் தீவை ஒட்டிக் கிடக்கும் ஹோலி ஐலண்டில் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அதன் மணலில் ஆறேழு கயாக்குகள் வரிசையாகக் கிடக்கும். ஆட்கள் உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் வாயைத் திறக்காமல் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தைக் காக்பிட் விளிம்புக்கு அடியில் விட்டு ஒரு சுற்று ஓட்டுவார். சிலரிடம் நகம் பாதியில் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு மணல் துகளோ, பாசித் துணுக்கோ, உள்ளே மடிந்துபோன சட்டை நுனியோ இருக்கும். "கழற்றுங்க. கழுவுங்க. திரும்ப மாட்டுங்க." அன்றைய காலை வணக்கம் அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடமாக இதே கரையில் கடல் கயாக் கற்றுக்கொடுக்கிறார். குளிர்காலத்தில் ஆட்கள் குறைந்ததும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஸ்ப்ரே ஸ்கர்ட்களைத் தைக்கிறார், ஒட்டுகிறார், பிரித்து மறுபடி தைக்கிறார். படகு, துடுப்பு, உயிர்காப்பு அங்கி பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசும் கூட்டம், இந்த ஒரு சாமானைப் பற்றி மட்டும் முதல் முறை அது கழன்றுகொண்ட பிறகுதான் பேசும் என்பது அவருடைய நெடுநாள் குறை.

பெயர்தான் ஸ்கர்ட். பார்த்தால் பாவாடை ஞாபகம் வராது. நடுவில் குழாய் முளைத்த கறுப்பு ரப்பர்த் தட்டு மாதிரி இருக்கும். பிரிட்டனில் ஸ்ப்ரே டெக் என்பார்கள். குழாய் இடுப்பைச் சுற்றி நெஞ்சுவரை ஏறும். தட்டு, காக்பிட் என்கிற உட்காரும் வாயை மூடும். தட்டின் ஓரத்தில் தைத்த மடிப்புக்குள் எலாஸ்டிக் கயிறு ஓடும். அந்தக் கயிறு, காக்பிட்டைச் சுற்றி வெளிப்புறமாக நீண்டிருக்கும் உதட்டுக்கு அடியில் போய் உட்கார வேண்டும். ஊறுகாய் ஜாடிக்குப் பாட்டிமார் வேடு கட்டுவார்களே, அதே வேலை. வாயில் துணியை விரித்து, கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்குவது. இங்கே ஜாடி படகு. வெளியே நிற்பது எறும்புக்குப் பதில் ஐரிஷ் கடல். துணியின் நடுவில் ஓர் ஆள் துளைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தக் கடல் எவ்வளவு கனம் என்பதை அவர் புதியவர்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடுவார். வயிற்றுக்கு முன்னால் இருக்கும் தட்டின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே 20 லிட்டர், அதாவது 20 கிலோ. இது சும்மா நிற்கும் தண்ணீர். தலைக்கு மேலே எழும்பி உடையும் அலையின் நுனி ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் விழுந்தால் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் வந்து மோதும் தண்ணீர் அதே 0.2 சதுர மீட்டரில் ஏறக்குறைய 250 கிலோ பாரத்தை ஒரு கணம் வைத்து எடுக்கும். மூன்று பெரிய ஆட்கள் மடியில் குதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். தட்டு கீழ்நோக்கிக் குழியும். குழியும்போது ஓரங்களை உள்ளே இழுக்கும். எங்கே பிடி மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தில் கயிறு உதட்டைவிட்டு நழுவும். 'இம்ப்ளோஷன்' என்று துறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பலூன் வெடிப்பதற்கு நேர்மாறு, உள்ளே பொத்துக்கொண்டு போவது.

பிடி எங்கே மெலியும்? கேள்வி சின்னது. பதில் கிரீன்லாந்திலிருந்து தொடங்குகிறது.

கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்க்டிக் வேட்டைக்காரர்கள். கிரீன்லாந்தில் இன்யூட்கள் கட்டிய கயாக்கின் வாய், வளைத்த மரத்தால் ஆன சிறு வளையம். ஆள் காலை நீட்டி, உடம்பை நெளித்து, உடுப்பு மாட்டுவதுபோல் படகுக்குள் நுழைய வேண்டும். கொந்தளிப்பான கடலுக்கு அவர்கள் அணிந்தது துயிலிக். சீல் தோலில் நீர் புகாமல் தைத்த, தலைமூடியோடு கூடிய முழு மேலங்கி. முகத்தைச் சுற்றிக் கட்டு, மணிக்கட்டில் கட்டு, கீழ் ஓரம் மர வளையத்தில் கட்டு. அமைதியான தண்ணீருக்கு அகுயிலிசாக் என்ற அரையங்கி போதும்; இன்றைய ஸ்கர்ட்டுக்கு நேர்ப் பாட்டி அதுதான். துயிலிக் போட்டவர் கவிழ்ந்தால் தண்ணீருக்குள்ளேயே சுழன்று நிமிர்ந்துவிடுவார். ஐரோப்பியர் ஒருவர் அந்த வித்தையைத் தானாகவே பழகி முடித்தது 1927இல்தான். ஆஸ்திரியாக்காரரான ஹான்ஸ் எட்வர்ட் பாவ்லாட்டா. ரோல் என்கிற அந்த வித்தைக்குப் படகின் வாய் மூடியிருப்பது முதல் நிபந்தனை. வாய் திறந்த படகை நிமிர்த்தினால் நிமிர்வது தண்ணீர்த் தொட்டி.

ஸ்காட்லாந்து மாணவர் கென் டெய்லர் 1959இல் மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் கிராமத்தில் தங்கிவிட்டு, அங்கே இமானுவேல் கொர்னேலியுசென் கட்டிக்கொடுத்த கயாக்கோடு ஊர் திரும்பினார். பிரிட்டனின் கடல் கயாக் வம்சத்தில் ஒரு பெரிய கிளை அந்தப் படகிலிருந்து முளைத்தது. 1975இல் நார்வேயின் வட முனைக்குப் போன குழுவுக்காக ஃபிராங்க் குட்மன் வரைந்த நார்ட்காப் படகிலும் வாய் சிறு வட்டமாகவே இருந்தது. 1977 டிசம்பரில் குட்மனும் மூன்று தோழர்களும் அந்தப் படகுகளில்தான் கேப் ஹார்னைச் சுற்றினார்கள்.

பிறகு முழங்கால் வென்றது. வட்ட வாயில் உட்காரப் படகின் பின்பக்க மேற்பரப்பில் ஏறி, சமநிலை தவறாமல் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே செருக வேண்டும். அலையடிக்கும் கரையில் அது சர்க்கஸ். உட்கார்ந்த பிறகு ஒரு காலை மட்டும் நுழைக்க இடம் வேண்டும் என்று வாயை நீட்டினார்கள். பின்பக்கம் அகலமாக, முன்பக்கம் ஒடுங்கி, பக்கவாட்டில் ஏறக்குறைய நேராக ஓடும் சாவித்துவார வடிவம் வந்தது. இன்று விற்கும் கடல் கயாக்குகளில் பெரும்பாலானவை அந்த வடிவம்தான்.

வேடு கட்டிப் பழகியவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் சட்டென்று புரியும். வட்டமான கழுத்தில் நூலை இறுக்கினால் சுற்றிலும் ஒரே மாதிரி உள்நோக்கி அழுத்தும். இழுவிசை அழுத்தமாக மாறுவது வளைவில்தான். சதுர டின்னுக்கு வேடு கட்டிப் பாருங்கள்: நான்கு மூலையில் நூல் கடிக்கும், பக்கத்தின் நடுவில் விரலை விட்டுத் தூக்கலாம். சாவித்துவாரக் காக்பிட்டில் அந்த 'பக்கத்தின் நடு' சரியாகத் தொடைக்கு நேரே வருகிறது. அலை விழும் இடமும் அதுவே. அவருடைய நகம் காலையில் அதிக நேரம் செலவிடுவது அந்த இரண்டு சாணில்தான்.

இதையெல்லாம் அவர் புத்தகத்தில் படித்துக் கற்றிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். கற்றது பென்ரின் மௌரில்.

போர்த் டாவர்க்கிலிருந்து மேற்கே துடுப்புப் போட்டால் சிறிது நேரத்தில் வரும் முனை அது. ஓதம் ஏறும்போது ஐரிஷ் கடல் வடக்கு நோக்கி ஓடி, இந்தப் பாறை முனையில் நெருக்குண்டு, அடியிலுள்ள திட்டுகளில் இடறி, நின்ற இடத்திலேயே உடைந்துகொண்டிருக்கும் அலைகளை எழுப்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் 5, 6 நாட் வேகம் எடுக்கும். கயாக்கை நல்ல ஆள் ஒருவர் நாள் முழுக்கச் செலுத்தும் வேகம் 3, 4 நாட். எதிர்க்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பாறையை ஒட்டி ஒரு குறுகிய தப்புவழி உண்டு. அதற்குச் சிக்கன் ரன், அதாவது கோழைகளின் வழி, என்று பெயர். பெயருக்குப் பயந்தே அதில் போகாதவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வருடப் பயிற்சியாளராக இருந்தபோது அவரும் அப்படித்தான்.

அன்று அவருடைய படகு பழுதுக்குப் போயிருந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய படகின் காக்பிட், அவருடையதைவிட இரண்டு விரற்கடை நீளம். ஸ்கர்ட் அவருடையதே. முன்பக்கம் மாட்ட இரண்டு கட்டைவிரலும் வலிக்க இழுக்க வேண்டியிருந்தது. மாட்டியபின் தட்டினால் பறைபோல் ஒலித்தது. இவ்வளவு இறுக்கம் இருந்தால் எதுவும் அசையாது என்று மகிழ்ந்துகொண்டார்.

ரப்பரை நீளவாக்கில் இழுத்தால் குறுக்குவாக்கில் ஒடுங்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ரப்பர்பேண்டில் பார்த்ததுதான். முன்னும் பின்னும் விறைத்துநின்ற அந்தத் தட்டு, இரண்டு பக்கத்திலும் தன் ஓரத்தை உள்ளே இழுத்து வைத்திருந்தது. கயிறு உதட்டுக்கு அடியில் இல்லை. உதட்டின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது அலை மடியில் உடைந்தபோது இடப்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். கவிழ்ந்தார். ரோல் அடித்தார், நிமிர்ந்தார். நிமிர்ந்தவரின் இடுப்புவரை கடல் இருந்தது. உள்ளே நூறு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், படகு சாயும் பக்கமெல்லாம் தானும் ஓடிச் சேர்ந்துகொண்டது. அந்த நிலையில் கயாக் என்பது சறுக்குப்பலகையில் வைத்த அண்டா. அடுத்த அலைக்கு அவர் படகுக்கு வெளியே.

முன்னும் பின்னும் காற்றறைகள் இருந்ததால் படகு மிதந்தது. உடன் வந்தவர் அதைப் பிடித்து, மூக்கைத் தன் படகின்மேல் இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கவிழ்த்து, அவரைத் திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் ஓட்டம் இருவரையும் வடக்கே சவுத் ஸ்டாக் பக்கம் கொண்டுபோய்விட்டது. 1809இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் பாறை அது. விளக்கின் வெள்ளைக் கோபுரம் நிமிடத்துக்கு நிமிடம் பெரிதாகிக்கொண்டே வந்ததை இன்றும் சொல்கிறார். போனது ஒரு துடுப்பும் கொஞ்சம் கர்வமும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கொட்டகையில் தையல் தொடங்கியது.

அங்கே வரும் ஸ்கர்ட்களைப் பார்த்தாலே நோய் தெரிகிறது என்கிறார். எலாஸ்டிக் கயிறு கிழடாகியிருக்கும்: வெளியுறை நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் இழைகள் அறுந்து, இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. தையலைச் சிறிது பிரித்து, பழையதன் வாலில் புதுக் கயிற்றைக் கட்டி, பழையதை உருவினால் புதியது உள்ளே போய்விடும். நாடா கோத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுனிகளை முடிச்சுப் போட்டு, அந்தப் படகிலேயே மாட்டிப் பார்த்து, இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்து, மறுபடி மாட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் தைப்பார். காகித அளவுப் பட்டியலை அவர் நம்புவதில்லை. தபாலில் வாங்கிய ஸ்கர்ட் ஒன்று இரண்டு முறை தவறான அளவில் வந்து, மூன்றாம் முறை 'கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்' என்ற குறிப்போடு வந்ததாம். அந்தக் குறிப்பைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறார்.

பல சமயம் குற்றவாளி ஸ்கர்ட்டே அல்ல, படகின் உதடு. வார்ப்புப் பிளாஸ்டிக் படகுகளில் அது சோப்புப்போல வழுக்கும். வருடக்கணக்கில் தேய்ந்து நுனி மழுங்கியும் போகும். உதட்டின் அடிப்பக்கத்தில் ரப்பர்ப் பசையை மெல்லிய கோடாகப் பூசி நன்றாகக் காயவிட்டால் நியோப்ரீனுக்குப் பிடி கிடைக்கும். இதைச் செய்துகொண்டு போன அதே ஆட்கள், மாட்டச் சிரமமாக இருக்கிறதென்று ஒரு மாதம் கழித்து விளிம்பில் சிலிக்கோன் ஸ்பிரே அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் அவர் காட்டும் பொறுமை மிகக் குறைவு. வெயில் களிம்பு பூசிய கையோடு ஸ்கர்ட் மாட்டுவதும் ஏறக்குறைய அதே தப்பு.

நைலான் தட்டுகளைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார். தோள்பட்டி வைத்த நைலான் ஸ்கர்ட் மடியில் தொட்டில்போலத் தொய்யும், தண்ணீர் தேங்கும், தேங்கிய எடையே அடுத்த அலைக்குப் பாதி வேலையைச் செய்து வைக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் நியோப்ரீன் பறைபோல விறைத்து நின்று தண்ணீரை வழியவிடும். வேக ஆறுகளில் அருவி இறங்குகிறவர்களுக்கு அதுவும் போதாது. அவர்கள் எலாஸ்டிக் கயிற்றைத் துறந்து, தட்டோடு ஒட்டி வார்த்த தடித்த ரப்பர் விளிம்புக்குப் போய்விட்டார்கள். சிலர் தட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு வளைந்த கட்டையை வைத்துக்கொள்கிறார்கள், கூரைக்கு உத்திரம் கொடுப்பதுபோல. அலை அடித்தால் தட்டு அந்தக் கட்டையில் தங்கும். குழிவது நின்றால் ஓரம் இழுபடுவதும் நிற்கும்.

ஒரு செலவுமில்லாத வைத்தியமும் உண்டு. அலை உடையப்போகிறது என்று தெரிந்தால் முன்னால் குனிவது. நெஞ்சும் தோளும் முதல் அடியை வாங்கிக்கொண்டால் மடிக்குப் போவது மிச்சம்தான். பயந்தவர்கள் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் தட்டு முழுசாக அலைக்கு முகம் காட்டும். போதாக்குறைக்கு உயிர்காப்பு அங்கியின் முதுகுப் பகுதி பின் விளிம்பை நெம்பிவிடும்.

மாட்டும் முறையை அவர் சொல்லித்தருவது இப்படி. முதலில் ஸ்கர்ட்டை நனை. காய்ந்த நியோப்ரீன் சுருங்கிக் கிடக்கும். பின்பக்கத்தை மாட்டு. அது நழுவாதபடி முழங்கைகளால் அழுத்திக்கொண்டே முன்பக்கத்துக்குக் குனி. முன்னால் மாட்டியதும் பக்கங்கள் ஏறக்குறையத் தாமாக விழும். கடைசியில் இழுவாரைத் தொட்டுப் பார். அது வெளியே இருக்கிறதா?

இழுவார் என்பது தட்டின் முன்நுனியில் தைத்த பட்டை வளையம். கவிழ்ந்து, ரோல் வராமல் போனால், அதை முன்னோக்கி இழுத்துப் பிறகு மேலே தூக்கினால் வேடு பிரியும். முன்னோக்கி இழுப்பதுதான் முக்கியம். நேராக மேலே இழுத்தால் கயிறு உதட்டை இன்னும் இறுகக் கவ்வும். மாட்டும் அவசரத்தில் அந்த வளையம் உள்ளே மடிந்துபோனால் தலைகீழாக, குளிர்ந்த தண்ணீரில், கண் தெரியாமல் தேட வேண்டிவரும். கோடைக் கடைசியிலும் 16 டிகிரியைச் சுற்றியே நிற்கும் கடல் இது. அவர் மாணவர்களில் ஒருவருக்கு அது நடந்திருக்கிறது. இடுப்போரத்தில் தட்டை ஒரு பிடி கிள்ளி, முழங்காலை மேல்நோக்கி உதைத்து வெளியே வந்தார். அந்தக் கிள்ளலை முதல் நாளே பாடமாக வைத்திருந்ததால் வந்தார்.

ஜீனோ வாட்கின்ஸின் கதையை அவர் மாணவர்களுக்குச் சொல்வதில்லை; கேட்டால் மட்டும் சொல்வார். 1930-31 கிரீன்லாந்துப் பயணத்தில் அங்குள்ளவர்களிடமே ரோல் கற்ற ஆங்கிலேயர். 1932 ஆகஸ்டில் கிழக்கு கிரீன்லாந்தில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போனவரின் கயாக் கவிழ்ந்து மிதந்தது. அவருடைய கால்சட்டையும் கயாக் இடுப்புப் பட்டையும் ஒரு பனித்திட்டின்மேல் கிடந்தன. ஆள் கிடைக்கவில்லை. வயது 25.

வேட்டை இறுக்குவதுபோலவே வேண்டியபோது பிரிக்கவும் முடிய வேண்டும். அதனால்தான் கொட்டகைக்கு வந்து "இன்னும் இறுக்கிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் அவர் உடனே சரி சொல்வதில்லை. போன பிப்ரவரியில் ஓர் அம்மா வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சிறிய கைகள், இரண்டு வருடப் பழக்கம். முந்தின வாரம் அலையில் ஸ்கர்ட் கழன்றுவிட்டதாம். கயிற்றைக் குறைக்கச் சொன்னார். பயிற்சியாளர் ஸ்கர்ட்டைப் படகில் மாட்டி, நகத்தை ஓட்டினார். வலத்தொடைக்கு நேரே உதட்டின் அடியில், பழைய ஸ்டிக்கரின் பசை ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியாகக் கிடந்தது. கயிறு அதன்மேல் ஏறி நின்றிருந்தது. சுரண்டி எடுக்கப் பத்து நிமிடம். பிறகு அந்த அம்மாவையே தடித்த குளிர்கால உறையோடு இழுவாரை இழுக்கச் சொன்னார். மூன்று முறையும் வரவில்லை. கயிற்றைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு விரற்கடை தளர்த்தி முடிச்சுப் போட்டார்.

அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் கரையோரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தானே கவிழ்ந்தார். அடிப்பலகையில் மூன்று தட்டு கேட்டது. பதற்றமில்லாமல் இருக்கிறேன் என்பதற்கு அது அடையாளம். பிறகு ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் தலை வெளியே வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, இழுவாரில் கட்டியிருந்த ஒரு கோல்ஃப் பந்தைத் தூக்கிக் காட்டினார். உறை போட்ட கைக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று வீட்டில் துளை போட்டுக் கோத்துக்கொண்டு வந்திருக்கிறார். பயிற்சியாளர் அதை வாங்கி முடிச்சை இழுத்துப் பார்த்தார். ஒருமுறை அவிழ்த்துத் தன் பாணியில் மறுபடி கட்டினார்.